தற்காலிக அலங்காரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய குழந்தைகள் காப்பகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மேற்குச் சுவர் ஆயா பூவம்மாளை அடித்தது.

சுவரில் தெறித்திருந்த பால் கறையை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடித்த அடியில் நாலடி தள்ளிப் போய்க் கஞ்சிப் பாத்திரத்தின் மேல் விழுந்தாள். காப்பகப் பொறுப்பாளர் ஜெனிபர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். பிறகு முப்பத்தோரு குழந்தைகளையும் வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டு மெர்சிக்குப் போன் செய்தாள்.

மெர்சி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். கம்பி ஆலை ஒன்றில் பதினோரு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, லைசென்ஸ் வாங்கித் தனியாக வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த முப்பத்தொன்றில் ஒன்று அவள் மகள் மோனிகா. மூன்று வயது. மத்தியானத்தில் மேற்குச் சுவரோரம், சுவரில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பழக்கம் உள்ள பிள்ளை.

மெர்சி வந்து சுவரில் டெஸ்டரை வைத்தாள். எரிந்தது. இரண்டு முழம் தள்ளி வைத்தாள். அங்கேயும் எரிந்தது. மகள் கால் வைக்கிற இடத்தில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. வைத்தாள். மங்கலாக எரிந்தது.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்து உப்பு ஆபீஸ். இரண்டடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. பிற்காலத்தில் யாரோ ஒரு மகராசன் சுவரைக் கொத்தி, பைப் எதுவும் போடாமல் ஒயரை அப்படியே உள்ளே வைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தான். ஒயரின் மேல்தோல் உரிந்துபோய், மழை ஈரம் சுவருக்குள் இறங்கியதும், சுவர் முழுக்கக் கரண்ட்.

மெர்சி தன்னோடு வேலை செய்யும் கொத்தனார் கலியனை அழைத்துவந்து காட்டினாள். கலியன் விரல் மூட்டால் சுவரைத் தட்டிப் பார்க்கப் போனார். மெயினை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு பிறகு தட்டினார்.

"இது சிமெண்டு செவுரு மாதிரி இல்ல மெர்சி. ரெண்டு பக்கமும் செங்கல்லு, நடுவுல கல்லும் காரையும் கொட்டி வச்சிகீறான். கட்டிங் மிஷினப் போட்டுக் குறுக்கால கோடு இழுத்தேன்னு வையி, மேல கீறது கீழ வந்துரும்."

"வெட்டவே வாணாம்ணா. வெளியிலயே பைப்புல கொண்டுபோலாம். செங்கல்ல ஓட்ட போடாம, சந்துல மட்டும் போடலாம். செவுரு தாண்டற எடத்துல ஒரு குழாய வெளிப்பக்கம் சாய்வா வச்சிட்டா மழத்தண்ணி உள்ள வராது. சுத்தி நீ சுண்ணாம்பு வச்சிப் பூசிடு. பழைய ஒயர மெயின்லயே அறுத்து உட்டுடலாம். புதுசா எர்த் குழி ஒண்ணு. ட்ரிப்பர் ஒண்ணு."

ட்ரிப்பர் என்று அவள் சொன்னது, கரண்ட் எங்காவது கசிந்தால் ஆள் உயிர் போவதற்குள் தானே நின்றுகொள்ளும் சின்னப் பெட்டியை.

"எத்தினி நாளு?" என்று கேட்டாள் ஜெனிபர்.

"நாலு நாளுக்கா."

"அப்ப நாளைக்கே ஆரம்பி." சொன்ன பிறகுதான் ஜெனிபருக்கு ஞாபகம் வந்தது. முகம் சுருங்கியது. "வாரியத்துல கேக்கணுமே."

பழங்கட்டட மின்னமைப்பு நெறிப்படுத்தும் வாரியம், பழைய கட்டடங்களில் தாறுமாறான மின்வேலையால் விபத்து ஏற்படாமல் தடுப்பதற்காக ஆறு வருடங்களுக்கு முன் ஏற்படுத்தப்பட்டது. அது வந்த நாளிலிருந்து எந்தப் பழைய கட்டடத்திலும் மின்வேலையால் விபத்து ஏற்பட்டதில்லை. மின்வேலையே நடக்கவில்லை.

மெர்சி இரண்டு பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போனாள். வாரியத்தின் அலுவலகம் புத்தம்புதிய கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. பழைய கட்டடத்தின் மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர்கள் யாரும் அதற்குள் உட்காரமாட்டார்கள் என்பது அவளுக்கு அங்கே ஏறும்போதே விளங்கியது. கண்காணிப்பாளர் காயத்ரி விண்ணப்பத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"மூல வயரிங் வரைபடம் இணைக்கலையே."

"மூல வரைபடம்னா மேடம்?"

"கட்டடம் கட்டும்போது வயரிங் எப்படிப் போட்டாங்கன்னு வரைபடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அந்த வருஷத்து வரைபடம்."

"அப்ப இந்த ஊர்ல கரண்டே கெடையாது மேடம்."

காயத்ரி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நல்ல பொறுமைசாலி. "கரண்ட் இல்லைன்னு நீங்க வாயால சொன்னாப் போதுமா? அந்தக் காலத்து மின் அதிகாரிகிட்டேருந்து இல்லைன்னு ஒரு சான்று வேணும்."

"கரண்டே இல்லாத காலத்துல மின் அதிகாரி எப்பிடி மேடம் இருப்பாரு?"

"அப்ப அவர் இல்லைங்கறதுக்கும் ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

மூன்று வாரம் அலைந்து, தாசில்தார் அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதரைப் பிடித்து, 'மேற்படி ஆண்டில் மேற்படி அதிகாரி என எவரும் இருந்ததாகத் தெரியவில்லை' என்று ஒரு கடிதம் வாங்கினாள் மெர்சி. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழந்தைகள் வராந்தாவில் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் கிடந்தார்கள். பாதிப் பேருக்குச் சளி. ஜெனிபர் உள்ளே மெயினை நிறுத்தியே வைத்திருந்தாள். விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, கொசு மட்டும் இருந்தது. தாய்மார்கள் ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளைகளைத் தூக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. வேறு எங்கே விடுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் ஆய்வுக்கு வந்தார்கள். மூன்று ஜீப்பில் ஏழு பேர். முதல் ஜீப்பில் வாரியத்தின் செயலாட்சி உறுப்பினர் ஆதிநாராயணன். வாசலில் ஏழு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். மேற்குச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். இதற்குச் சுவர் வணக்கம் என்று பெயர். விதி எண் நான்கு. பூவம்மாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றாள்.

"சுவர் அடிக்கிறது என்று புகார்," என்றார் ஆதிநாராயணன். "சுவர் மின்சாதனமா?"

"இல்ல சார்," என்றாள் மெர்சி.

"விதிப்படி மின்கசிவு என்பது மின்சாதனத்தில் வருவது. சுவர் மின்சாதனம் இல்லையென்றால் அதில் எப்படிக் கசிவு வரும்?"

மெர்சி மெயினைப் போட்டுவிட்டு, டெஸ்டரைச் சுவரில் வைத்துக் காட்டினாள். எரிந்தது. ஏழு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தனியார் டெஸ்டர் ஏற்கப்படாது," என்றார் ஆதிநாராயணன். "வாரியத்தின் டெஸ்டர் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகச் சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்ட நபர் யார்?"

பூவம்மாளைக் காட்டினார்கள்.

"அம்மா, நீங்கள் எங்கள் முன்னிலையில் இன்னொரு முறை அந்தச் சுவரைத் தொடுங்கள். பதிவு செய்துகொள்கிறோம். ஈரக் கையாக இருந்தால் நல்லது. சம்பவத்தன்று இருந்த நிலை அப்படியே இருக்க வேண்டும்."

ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பூவம்மாள் மெர்சியைப் பார்த்தாள். "இன்னா மெர்சி, தொடச் சொல்றாங்க? தொட்டா செத்துப்பூடுவேனே."

"அப்படி நேர்ந்தால் அது வேறு துறை," என்றார் ஆதிநாராயணன். "அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

மெர்சி போய் மெயினை இறக்கிவிட்டு வந்து, பூவம்மாளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். காயத்ரி குறிப்பேட்டில் எழுதினாள்: 'ஆயா ஒத்துழைக்கவில்லை. கசிவு நிரூபிக்கப்படவில்லை.'

அதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. குழந்தைகளுக்கு அவித்து வைத்த முட்டை அடுக்களையில் ஆவி பறக்க இருந்தது. அதன் தரத்தை ஆய்வு செய்வதற்காக ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு முட்டை சாப்பிட்டார்கள். உப்பும் மிளகுத்தூளும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முட்டை நன்றாக இருப்பதாக ஆதிநாராயணன் பாராட்டி, மஞ்சள் கரு ஒட்டிய விரலைப் படுதாவில் துடைத்தார். மிச்சம் பதினேழு முட்டையை ஜெனிபர் நூல் வைத்துப் பாதி பாதியாக அறுத்துக்கொண்டிருந்தாள். மூன்று துண்டு மிஞ்சியது. அது யாருக்கு என்று குழந்தைகள் அடித்துக்கொண்டன.

போகும்போது ஆதிநாராயணன் வாசலில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "என்ன கம்பீரம்! இதை வீணாக்கக்கூடாது. இந்த வருஷம் மின்பாதுகாப்பு வார விழாவை இங்கேயே வைத்துவிடுவோம்."

பத்து நாள் கழித்துப் பந்தல்காரர் சரவணன் ஆட்களோடு வந்து இறங்கினார். சீரியல் விளக்கு, ஃபோகஸ் விளக்கு, ஆளுயரத் திரை, நாலு ஏ.சி. ஆட்கள் ஏணி போட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். காரை பொலபொலவென்று கொட்டியது. கலியன் தலையில் கையை வைத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்.

மெர்சி வாரியத்துக்குப் போன் போட்டாள். "மேடம், நான் ஒரு ஒயர் மாத்தறதுக்கு ரெண்டு மாசமா அலஞ்சினு கீறேன். இங்க ஒருத்தர் அம்பது ஆணி அடிச்சி, பழைய மெயின்லயே நாலு ஏ.சி. மாட்டறாரு. அவருக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"அனுமதியே தேவையில்லை," என்றாள் காயத்ரி. "அது தற்காலிக அலங்காரம். எங்க அதிகாரம் நிரந்தர மின்னமைப்புக்கு மட்டும்தான்."

மெர்சி சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அலங்காரம்னா எதெல்லாம் மேடம் வரும்?"

"விழாவுக்காகப் போடறது எல்லாம்."

"பைப்பு வருமா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "பூ சுத்தியிருந்தா வரும்."

மெர்சி நேராகச் சரவணனிடம் போனாள். அவருக்கு அந்த வாரம் இன்னும் நாலு கல்யாணம் இருந்தது. "உள்வேலய நீயே பாத்துக்கினா எனக்குப் புண்ணியமாப் போவும்க்கா. ஒரே பேஜாரா கீது," என்றார்.

பெற்றோர் சங்கம் முன்பே வாங்கிவைத்த பைப்பும் ஒயரும் ஜெனிபரின் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தன. நாலு நாள். முதல் வேலையாகப் பழைய ஒயரை மெயினிலேயே அறுத்துவிட்டாள். கலியன் செங்கல் சந்து பார்த்து ஓட்டை போட, மெர்சி பைப்பை ஏற்றினாள். சுவரைத் தாண்டும் இடத்தில் குழாயைச் சாய்த்து வைத்தாள். கலியன் சுண்ணாம்பு குழைத்துச் சுற்றிலும் பூசி, பைப் மேலேயும் வெள்ளை அடித்தார். கொல்லையில் எர்த் குழி தோண்டும்போது இது என்ன அலங்காரம் என்று வாரியத்து ஆள் ஒருவர் கேட்டார். கொடிக்கம்பம் என்றார் கலியன். சரவணனின் ஏ.சி.க்குத் தனி லைன். மெயின் பலகையில் ட்ரிப்பர். எல்லாவற்றின் மேலும் சாமந்தி, சாமந்தி, சாமந்தி. ஐந்தாம் நாள் காலை மெர்சி டெஸ்டரைச் சுவர் முழுக்க வைத்துக்கொண்டே போனாள். எங்கேயும் எரியவில்லை. பூவம்மாள் தூரத்திலிருந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். பிறகு அங்கேயே சாய்ந்து உட்கார்ந்து ஒருபாட்டம் அழுதாள்.

விழா அன்று முன்வரிசை நிறைய அதிகாரிகள். தாய்மார்களுக்குப் பந்தலுக்கு வெளியே நிற்க இடம் கொடுக்கப்பட்டது. ஆதிநாராயணன் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார்.

"ஆறு ஆண்டுகளில் நமக்கு வந்த விண்ணப்பங்கள் நானூற்றுப் பதினேழு. கொடுத்த அனுமதி எத்தனை? ஒன்றுகூட இல்லை! ஓர் அனுமதி கொடுத்திருந்தால், அங்கே நடக்கும் விபத்துக்கு நாம் பொறுப்பு. கொடுக்காததால், நடந்த எந்த விபத்துக்கும் நாம் பொறுப்பில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு உலகத்தில் உண்டா? நேற்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியைக்குக் கை கருகியது என்று செய்தி. வருந்துகிறோம். ஆனால் அந்தக் கை நம் அனுமதியோடு கருகவில்லை!"

கைதட்டல். அதில் உற்சாகமடைந்த ஆதிநாராயணன் ஒலிபெருக்கியின் இரும்புத் தண்டை இறுகப் பிடித்தார். அந்தத் தண்டின் மேல் வாரியத்தின் சொந்த மைக்செட்காரர் தோலுரிந்த ஒரு ஒயரை டேப் சுற்றி ஒட்டியிருந்தார். கீழே ஈரக் கம்பளம். தேள் கொட்டியதுபோல் ஒரு சுருக். அவர் கையை உதறுவதற்குள் மெயின் பலகையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. விளக்கு, திரை, மைக் எல்லாம் நின்றன. உரை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

மறுவாரம் மெர்சியை விளக்கம் கேட்கக் கூப்பிட்டார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் ஏழு பேர். மறுபக்கம் அவள் மட்டும்.

"என் உரையை நிறுத்தியது யார்?" என்றார் ஆதிநாராயணன்.

"ட்ரிப்பரு சார்."

"அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?"

"ஆளு இல்ல சார், பெட்டி. மைக் கம்பியில கரண்டு வந்துச்சி. உங்க கை வழியா எறங்குச்சி. அது புடிச்சி நிறுத்திடுச்சி."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தப் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் விளக்கு நின்றிருக்குமா?"

"நின்னுருக்காது சார்."

"மைக் நின்றிருக்குமா?"

"நின்னுருக்காது சார். உங்க மூச்சுதான் நின்னுருக்கும்."

'பெட்டி இல்லாதிருந்தால் விழா இடையூறின்றி நடந்திருக்கும் என ஒப்புக்கொண்டார்' என்று காயத்ரி எழுதினாள். ஆதிநாராயணன் தலையசைத்தார். அவருடைய வலது உள்ளங்கையில் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதை அவர் பேனாவால் சொறிந்துகொண்டே, அலங்காரம் முழுவதையும் மூன்று நாளுக்குள் அகற்றிக் கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி ஆணையில் கையெழுத்துப் போட்டார். உயிர் கொடுத்த பெட்டியைக் கழற்றச் சொல்லி, அந்த உயிரோடு உட்கார்ந்து, அந்தக் கையாலேயே கையெழுத்துப் போடுகிற ஒரு மனிதனை மெர்சி அதுவரை பார்த்ததில்லை. வெளியே வந்து குழாயடியில் வாய் கொப்பளித்தாள்.

அகற்றுவதற்கு வாரியம் லோகு என்ற ஒயர்மேனை அனுப்பியது. அத்திப்பட்டுக்காரன். ஏணியோடும் மூன்று பிரதி படிவத்தோடும் மத்தியானம் வந்தான். மேற்கு அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மோனிகாவின் கால் சுவரில் இருந்தது. ஃபேன் ஓடியது. மெர்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைத் தடுத்தால் போலீஸ் வரும் என்று ஆணையில் எழுதியிருந்தது.

லோகு காய்ந்த சாமந்தியை விலக்கிப் பைப்பைப் பார்த்தான். சுவர் தாண்டும் இடத்தில் விரல் வைத்துச் சாய்வைப் பார்த்தான். மெயின் பலகையைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினான்.

"யாருக்கா இந்த வேல?"

"நான்தான்."

"பேப்பர்ல இன்னா போட்டுகீது? அலங்காரத்த எடுன்னுதான?"

"ஆமா."

அவன் ஏணியில் ஏறிப் பூவை மட்டும் எடுத்தான். ஒரு சரம் விடாமல் எடுத்துச் சாக்கில் கட்டினான். தெருமுனைக்குப் போய் நின்று, அங்கிருந்து கட்டடத்தைப் படம் பிடித்தான். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பைப் தெரியவில்லை. மூன்று பிரதியிலும் எழுதினான்: 'அலங்காரம் முழுமையாக அகற்றப்பட்டது.'

அத்தோடு முடிந்தது என்று மெர்சி நினைத்தாள்.

பங்குனியில் வாரியத்தின் ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் லோகு எடுத்த படம். உள்ளே ஜெனிபர் சத்தமாகப் படித்துக் காட்டினாள்: "நூற்றிருபது ஆண்டுப் பழமையான இக்கட்டடம், எவ்வித மின்மாற்றமும் இன்றி, இம்மழைக்காலத்தையும் ஒரு சிறு கசிவுகூட இல்லாமல் கடந்துள்ளது. பழைய வயரிங்கே பாதுகாப்பானது என்பதற்கு இதுவே சான்று. இதன் அடிப்படையில் நிலுவையிலிருந்த பதினான்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன." கீழே பட்டியல். பள்ளிப்பட்டில் ஒரு நூலகம். ஆரணியில் ஒரு பள்ளிக்கூடம். இன்னும் பன்னிரண்டு.

"த்தூ," என்றார் கலியன். "நாம போட்ட ஒயரக் காட்டியே ஒயரு போட வாணாம்னு எழுதிகீறானுங்க."

மெர்சி அறிக்கையை வாங்கவில்லை. அழுகிய எதையோ தொட்டுவிட்டதுபோல் கையை நைட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே வந்து பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பதினான்கு இடத்தில் பூவம்மாள்கள் ஈரத்துணியோடு சுவரைத் துடைப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரு போன் வந்தது. ஆரணிப் பள்ளிக்கூடத்து ஆசிரியை நந்தினி.

"மெர்சிங்களா? காப்பகத்துல உங்க நம்பர் குடுத்தாங்க. எங்க கட்டடமும் அந்தக் காலத்துதுங்க. ரெண்டாங் கிளாஸ் செவுரு தொட்டா சுள்ளுனு இழுக்குது. பசங்க அதத் தொட்டு வெளையாடறானுங்க. கேட்டா, கும்மிடிப்பூண்டியில ஒயரே மாத்தாம நல்லாத்தான இருக்குதுன்னு வாரியத்துல சொல்றாங்க. அது எப்படிங்க இருக்குது?"

மெர்சி வாசலைப் பார்த்தாள். உள்ளே மோனிகா பொம்மையின் தலையைச் சுவரில் மோதி மோதி விளையாடிக்கொண்டிருந்தது.

"அது பொய்யி டீச்சர். நான்தான் மாத்துனேன். பூரா ஒயரும். நேர்ல வந்து பாருங்க, காட்டறேன்."

நந்தினி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அனுமதி குடுத்தாங்களா?"

"இல்ல," என்றாள் மெர்சி. "உங்க ஸ்கூல்ல ஆண்டு விழா எப்ப டீச்சர்?"